நோயாளியின் படுக்கையருகே ஒரு வகுப்பறை

அமெரிக்காவில் ஆண்டுதோறும் புதிதாகச் செவிலியர் உரிமம் பெறுவோரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் நான்காண்டுப் பட்டப்படிப்பு முடித்தவர்கள் அல்லர். தம் ஊருக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் ஈராண்டுப் படிப்பை முடித்து, பட்டதாரிகள் எழுதும் அதே உரிமத் தேர்வை எழுதி, அதே வெள்ளைச் சுவர்களுக்கிடையே பணிக்குச் சேர்பவர்கள். உலகின் மிகச் செலவு மிகுந்த மருத்துவக் கட்டமைப்பு, இந்த எளிய கல்லூரிகளின் தோள்மீது பாதி பாரத்தை இறக்கி வைத்திருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கக் கூடும்.

'சமுதாயக் கல்லூரி' என்ற சொல் நமக்குப் புதிதன்று. ஆனால், இங்கே அச்சொல் பெரும்பாலும் குறுகிய காலச் சான்றிதழ், பட்டய வகுப்புகளைக் குறிக்கிறது. அமெரிக்காவில் அது முழுமையான அரசுக் கல்லூரி. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய இத்தகைய கல்லூரிகள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடெங்கும் பரவின. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947-இல் அளித்த அறிக்கைதான் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரையே பரவலாக்கியது. குறைந்த கட்டணம், வீட்டிலிருந்தே வந்து போகும் வசதி, வயது வரம்பின்மை ஆகியவை இவற்றின் அடையாளங்கள்.

அங்கே செவிலியக் கல்வி எப்படி நுழைந்தது என்பது அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு. 1873-இல் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய மூன்று நகரங்களில் நைட்டிங்கேல் அம்மையாரின் முறையைப் பின்பற்றிச் செவிலியர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றைப் பார்த்து நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் தத்தமக்கெனப் பள்ளி வைத்துக்கொண்டன. காரணம், கல்வி மீதான ஆர்வம் அன்று. மாணவியர் ஊதியமில்லாத பணியாளர்களாகக் கிடைத்தனர். பகல் முழுவதும் வார்டு வேலை, களைத்துப்போன மாலையில் ஒரு மணி நேரப் பாடம் என்பதே நடைமுறை. 1923-இல் ஜோசஃபின் கோல்ட்மார்க் தயாரித்த ஆய்வறிக்கை இந்த அவலத்தை வெளிச்சமிட்டது. பயிற்சி என்ற பெயரில் நடப்பது பணிச்சுரண்டல் என்பதை அது சான்றுகளோடு காட்டியது. அறிக்கை வந்த பிறகும் முப்பதாண்டுகள் பெரிய மாற்றம் நிகழவில்லை. நம் ஊரில் பட்டயப் படிப்பு பயின்ற மூத்த செவிலியர் எவரிடமும் கேட்டுப் பார்த்தால், இந்தக் கதை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

போர்க்காலத்தில் செவிலியர் பற்றாக்குறையைச் சமாளிக்க 1943-இல் அமெரிக்க அரசு ஒரு செவிலியப் பயிற்சிப் படையை அமைத்தது. மூன்றாண்டுப் படிப்பை முப்பது மாதங்களாகச் சுருக்கியும் தரம் குறையவில்லை என்பதை அந்த அனுபவம் காட்டியது. இதிலிருந்து மில்ட்ரெட் மான்டேக் என்ற கல்வியாளர் ஒரு கேள்வியை எழுப்பினார். மருத்துவமனைக்கு உழைத்துக் கொடுக்கும் நேரத்தைக் கழித்துவிட்டு, கற்கத் தேவையான நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு செவிலியரை உருவாக்க எவ்வளவு காலம் வேண்டும்? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வு 1951-இல் நூலாக வந்தது. ஈராண்டு போதும் என்பது அவர் முடிவு. 1952-இல் ஏழு கல்லூரிகளிலும் ஒரு மருத்துவமனைப் பள்ளியிலுமாக ஐந்தாண்டுச் சோதனைத் திட்டம் தொடங்கியது. அதில் பயின்றவர்கள் மற்றவர்களுக்கு இணையாக உரிமத் தேர்வில் தேர்ச்சி பெற்றனர். மாணவி என்பவள் முதன்முறையாக மருத்துவமனையின் கடன்காரியாக இல்லாமல் கல்லூரியின் மாணவியாக ஆனாள். திருமணமானவர்கள், குழந்தை பெற்றவர்கள், நடுவயதினர், ஆடவர் எனப் பழைய விடுதிப் பள்ளிகள் வாசலிலேயே நிறுத்தியவர்களுக்கும் கதவு திறந்தது.

ஆனால், மான்டேக் மனத்தில் கொண்டிருந்தது வேறொன்று. ஈராண்டு பயின்றவர், பட்டம் பெற்ற செவிலியரின் மேற்பார்வையில் பணியாற்றும் தொழில்நுட்பராக இருப்பார் என்றே அவர் திட்டமிட்டார். நடைமுறையில் அந்தக் கோட்டை யாரும் வரையவில்லை. ஒரே தேர்வு, ஒரே உரிமம், ஒரே வார்டு என்றாகிவிட்டது. இன்றுவரை தீராத ஒரு வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

'ஈராண்டு' என்பதும் ஏட்டளவில்தான். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் முதலிய முன்தேவைப் பாடங்களை முடித்தால்தான் செவிலியப் பிரிவில் இடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே மூன்றாண்டு ஆவது இயல்பு. வேலை பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பாடமாக முடிப்பவர்களுக்கு நான்கைந்து ஆண்டுகளும் ஆகலாம். உள்ளே வந்த பிறகு எதிர்கொள்ளும் கல்விதான் உண்மையில் கடினமானது. அது எவ்வகைக் கடினம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து, 250 மில்லி திரவத்தில் 25,000 யூனிட் என்ற அளவில் பையில் வருகிறது. அதாவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். மணிக்கு 1,200 யூனிட் செலுத்த மருத்துவர் எழுதியிருந்தால், கருவியில் மணிக்கு 12 மில்லி என்று வைக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால், 12 என்பதற்குப் பதில் 120 என்று விரல் அழுத்திவிட்டால் நோயாளிக்கு உள்ளே இரத்தம் கசியத் தொடங்கலாம். ஆகவேதான் மருந்துக் கணக்குத் தேர்வில் மட்டும் பல கல்லூரிகள் 90 விழுக்காடு, சில கல்லூரிகள் நூற்றுக்கு நூறு கேட்கின்றன. மற்ற பாடங்களில் தொண்ணூறு மதிப்பெண் பெருமைக்குரியது. இங்கே எஞ்சிய பத்து மதிப்பெண் ஒரு நோயாளி.

எழுதும் முறைகூடப் பாடமாகிறது. இன்சுலின் அளவை எண்ணுக்குப் பக்கத்தில் 'யூ' என்ற ஒற்றை எழுத்தால் குறிப்பது பழைய வழக்கம். விரைந்து எழுதும்போது அவ்வெழுத்து சுழியம்போல் தோன்றி, 10 யூனிட் 100 யூனிட்டாகப் படிக்கப்பட்டுவிடும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் அமைப்பு 2004-இல் இத்தகைய சுருக்கெழுத்துகளைத் தடை செய்தது. 'யூனிட்' என்று முழுமையாக எழுத வேண்டும். முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியமும் இடக்கூடாது. பின்னத்துக்கு முன் சுழியம் விடுபடக்கூடாது. இவற்றை முதல் பருவத்திலேயே கையில் பழக்கிவிட வேண்டும். பிறகு திருத்துவது எளிதன்று.

கணக்கைக் கற்பித்துவிடலாம். முன்னுரிமை அறியும் திறனைக் கற்பிப்பதே பெரும்பாடு. ஒரு வினாவைப் பாருங்கள். நால்வர் வார்டில் இருக்கிறார்கள். ஒருவர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் கடும் வலி என்று அலறுகிறார். இன்னொருவருக்குச் சர்க்கரை 180. மூன்றாமவர் வீடு திரும்பும் ஆவணத்துக்காகப் பொறுமையிழந்து அழைப்பு மணியை அழுத்திக்கொண்டிருக்கிறார். நான்காமவர் நேற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்; காலை வரை அமைதியாக இருந்தவர், இப்போது படுக்கையில் நிலைகொள்ளாமல் புரள்கிறார், எதுவும் கேட்கவில்லை. செவிலியர் முதலில் யாரிடம் செல்ல வேண்டும்? புதிய மாணவர்களில் பெரும்பாலோர் வலியால் அலறுபவரிடம் ஓடுவர். சரியான விடை நான்காமவர். திடீர் அமைதியின்மை, உடலில் உயிர்வளி குறைவதன் தொடக்க அறிகுறியாக இருக்கலாம். அலறுபவரின் மூச்சுக்குழல் திறந்திருக்கிறது என்பதற்கு அவர் குரலே சான்று.

இவ்வகை வினாக்களில் நான்கு விடைகளுமே செய்ய வேண்டியவைதான். எது முதலில் என்பதே கேள்வி. பள்ளியில் மனப்பாடத்தால் முதலிடம் பெற்றவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். "நான் படித்ததிலிருந்து எதுவும் வரவில்லை" என்ற முறையீட்டை எந்தச் செவிலியக் கல்லூரியின் தேர்வு அறைக்கு வெளியிலும் கேட்கலாம். உரிமத் தேர்வும் இத்திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 1994 முதல் கணினி வழியே நடக்கும் இத்தேர்வு, எழுதுபவரின் விடைக்கேற்ப அடுத்த வினாவின் கடினத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்கிறது. 2023 ஏப்ரல் முதல் புதிய வடிவம் நடைமுறைக்கு வந்தது. ஒரு நோயாளியின் குறிப்பேட்டைத் தந்து, எதைக் கவனித்தாய், அது எதைக் காட்டுகிறது, எதை முதலில் ஐயுறுவாய், என்ன செய்வாய், செய்ததால் பயன் விளைந்ததா என்று படிப்படியாகக் கேட்கிறது. குறைந்தது 85 வினா, கூடுதலாக 150. ஐந்து மணி நேரம். அமெரிக்காவில் பணியாற்ற விரும்பும் நம் நாட்டுச் செவிலியரும் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். ஆகவே இந்த மாற்றம் நமக்கும் தொடர்புடையது.

வகுப்பறையில் எவ்வளவு பேசினாலும் நோயாளியின் படுக்கையருகேதான் இது படியும். மருத்துவமனைப் பயிற்சி நாள் விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. ஏழு மணிக்கு இரவுப்பணியினர் பகற்பணியினரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது மாணவர் அருகில் நிற்க வேண்டும். பல மாநிலங்கள் ஓர் ஆசிரியருக்குப் பத்து மாணவருக்கு மேல் கூடாது என்கின்றன. எட்டு என்று வைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. எட்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு நோயாளி. ஒன்பது மணி மருந்தை எட்டிலிருந்து பத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மாணவர் மருந்து கொடுக்கும்போது ஆசிரியர் உடனிருப்பது கட்டாயம். மருந்தின் பெயர், அளவு, வழி, நேரம், நோயாளியின் அடையாளப் பட்டை அனைத்தையும் சரிபார்த்து, 'இம்மருந்து எதற்காக, கொடுக்குமுன் எதைச் சோதிக்க வேண்டும்' என்று கேட்டு விடை வாங்கிக் கொடுக்கச் செய்ய ஒருவருக்குப் பதினைந்து நிமிடமாவது ஆகும். எட்டுப் பேருக்கு இரண்டு மணி நேரம். கிடைப்பதும் சரியாக அந்த இரண்டு மணி நேரம்தான். இதற்கிடையே ஒரு நோயாளிக்கு வாந்தி வரலாம், ஒருவரைப் படமெடுக்க அழைத்துச் செல்லலாம், ஒரு மாணவி குளியலறையில் அழுதுகொண்டிருக்கலாம். எனவே இன்று நால்வர், அடுத்த வாரம் நால்வர் என்று பங்கிட வேண்டியதாகிறது. கல்லூரி அலுவலகத்தில் விகிதத்தை எட்டிலிருந்து பத்தாக உயர்த்தலாம் என்று கையொப்பமிடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆசிரியரின் கலை எங்கே வெளிப்படுகிறது என்றால், அறிந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வதில். அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளியின் நாடித்துடிப்பு 84-லிருந்து 112-க்கு ஏறியிருக்கிறது. இரத்த அழுத்தம் இயல்பாகவே இருக்கிறது. மாணவி இரண்டையும் குறிப்பேட்டில் பிழையின்றிப் பதிவு செய்துவிட்டு நிமிர்கிறாள். உள்ளே இரத்தம் கசிந்தால் உடல் முதலில் துடிப்பை விரைவாக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், அழுத்தம் சரிவது பின்னால்தான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். நோயாளிக்கு ஆபத்து நேராத அளவுக்கு நேரம் இருக்குமானால், அவர் உடனே சொல்லிவிடுவதில்லை. "இந்த எண்ணைப் பார்த்து உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று மட்டும் கேட்கிறார். மாணவி கட்டுத்துணியின் கீழே கையை விட்டுப் பார்க்கும் அந்தக் கணத்தில்தான் எண் ஒரு செய்தியாக மாறுகிறது. பதிவு செய்வதும் கவனிப்பதும் வெவ்வேறு என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு விரைவாகக் கற்பித்துவிடாது.

இந்த இடத்தில் கருவிகள் உதவிக்கு வந்திருக்கின்றன. மூச்சு விடும், துடிப்பு காட்டும், பேசும் மனித உருவப் பொம்மைகளை வைத்து நெருக்கடிகளை ஒத்திகை பார்க்கிறார்கள். மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு பத்துக் கல்லூரிகளில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை ஒத்திகைக்கு மாற்றினாலும் விளைவில் வேறுபாடில்லை என்று கண்டது. இந்த முடிவைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் நிபந்தனையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், போதிய கருவிகள், ஒவ்வோர் ஒத்திகைக்குப் பின்னும் முறையான கலந்துரையாடல் ஆகியவை இருந்த இடங்களில் கிடைத்த முடிவு அது. பொம்மையை வாங்கி அறையில் பூட்டி வைத்துவிட்டு, மருத்துவமனை நேரத்தைக் குறைப்பதற்கு அது சான்றாகாது.

மருந்து கொடுப்பதில் நேரும் பிழையை விளக்க இன்று ஆசிரியர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது டென்னசி மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்வை. 2017 டிசம்பரில், ஒரு மூதாட்டிக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுக்க வேண்டிய செவிலியர், மருந்துப் பெட்டகக் கணினியில் பெயரின் முதலிரு எழுத்துகளைத் தட்டினார். வந்தது வேறு மருந்து. தசைகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடும் மருந்து. நீர்மமாக இருக்க வேண்டியது பொடியாக இருந்தும், குப்பியில் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தும், கவனம் சிதறியிருந்த அந்த நிமிடங்களில் அவை கண்ணில் படவில்லை. நோயாளி இறந்தார். தவற்றைத் தாமே ஒப்புக்கொண்ட செவிலியர்மீது குற்றவழக்கு நடந்து, 2022-இல் தீர்ப்பாகி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. உண்மையைச் சொன்னவரைக் கூண்டில் ஏற்றினால் நாளை யார் பிழையை ஒப்புக்கொள்வார் என்று நாடெங்கும் செவிலியர் குரலெழுப்பினர். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஆசிரியர் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியுள்ளது: குப்பியை மும்முறை படி, தவறு நேர்ந்தால் மறைக்காதே. இரண்டாவதைச் சொல்லும்போது இப்போது வகுப்பில் ஓர் அமைதி நிலவுகிறது என்றால் மாணவரைக் குறை கூற இயலாது.

அந்த மாணவர்கள் யார்? பள்ளி முடித்து நேரே வந்தவர்கள் சிலரே. இரவில் முதியோர் இல்லத்தில் உதவியாளராகப் பணியாற்றிவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருபவர், தனியாகக் குழந்தை வளர்ப்பவர், படையிலிருந்து ஓய்வு பெற்றவர், தம் நாட்டில் மருத்துவராக இருந்து புலம்பெயர்ந்தவர், குடும்பத்திலேயே முதன்முறையாகக் கல்லூரியில் கால் வைத்தவர் எனக் கலவையான கூட்டம். வாழ்வின் அடியை அறிந்தவர்கள் ஆதலால் நோயாளியிடம் பேசத் தெரிந்தவர்கள். ஆனால், தேர்ச்சிக்கு 75 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். இரு முறை தவறினால் பிரிவிலிருந்தே நீக்கம் என்பது பல கல்லூரிகளின் விதி. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் அரை மதிப்பெண்ணில் தவறியவரிடம் அதைச் சொல்ல வேண்டியவரும் ஆசிரியரே. இரங்கி மதிப்பெண் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்த இரக்கத்தின் விலையை வேறொருவர் மருத்துவமனைப் படுக்கையில் கொடுக்க நேரும் என்பதால் கொடுப்பதற்கில்லை. செய்யக்கூடியது, தவறுவதற்கு முன்பே கண்டுபிடித்துத் தாங்குவது. குழந்தைக் காப்பகம், பேருந்துக் கட்டணம், கூடுதல் பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்குக் கல்லூரி செலவிடுவது.

இதில் ஒரு தீய ஊக்கமும் மறைந்திருக்கிறது. முதல் முயற்சியில் உரிமத் தேர்வில் தேர்ச்சி பெறுவோர் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கல்லூரியைக் கண்காணிப்பில் வைக்கும் மாநிலங்கள் பல. விளைவு, ஐயத்துக்குரிய மாணவரை இறுதிப் பருவத்தில் ஒரு தனியார் தேர்வை வைத்து வடிகட்டி, உரிமத் தேர்வு எழுதவே விடாமல் நிறுத்தும் வழக்கம் பரவியது. நம் ஊர்ப் பள்ளிகள் சில நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டும் உத்தியை அறிந்தவர்களுக்கு இது புரியாத கதையன்று. மறுபுறம், தரத்தைக் கைவிட்டால் என்னவாகும் என்பதற்கு 2023 ஜனவரியில் விடை கிடைத்தது. ஃபுளோரிடாவில் மூன்று தனியார் செவிலியப் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றிருந்ததை மத்தியப் புலனாய்வுத் துறை வெளிப்படுத்தியது. வாங்கியவர்களில் கணிசமானோர் உரிமத் தேர்விலும் தேர்ச்சி பெற்றுப் பணியில் இருந்தனர். படுக்கையருகே ஒரு நாள்கூட மேற்பார்வையில் நிற்காமல் தேர்வில் மட்டும் தேறிவிட முடிகிறது என்றால், தேர்வை மட்டுமே நம்புவதன் எல்லை அதுதான்.

இவ்வளவுக்கும் மையமான ஆசிரியர் கிடைப்பதில்லை என்பதே இன்றைய நெருக்கடி. பட்ட, மேற்பட்டச் செவிலியப் பிரிவுகள் 2023-இல் திருப்பியனுப்பிய தகுதியுள்ள விண்ணப்பங்கள் மட்டும் 65 ஆயிரத்துக்கும் மேல். ஒருவரே பல இடங்களுக்கு விண்ணப்பிப்பதால் ஆள்கணக்கு இதைவிடக் குறைவாக இருக்கும். ஆயினும் செவிலியர் பற்றாக்குறை என்று ஓயாமல் பேசும் நாட்டில் இது முரண். சமுதாயக் கல்லூரிகளிலும் காத்திருப்போர் பட்டியல் வைத்திருப்பவையும், குலுக்கல் முறையில் இடம் அளிப்பவையும் உண்டு. இடம் இல்லாததற்குக் கட்டடமோ விருப்பமோ குறை அன்று. கற்பிக்க முதுநிலைப் பட்டம் வேண்டும். அப்பட்டத்துடன் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட்டால் 2023 கணக்கின்படி இடைநிலை ஆண்டு ஊதியம் 1,26,000 டாலர். முதுநிலைப் பட்டமே இல்லாத வார்டு செவிலியருக்கே 86,000 டாலர். சமுதாயக் கல்லூரி ஆசிரியருக்கு இவற்றோடு போட்டியிடும் ஊதியம் கிடைப்பதில்லை. மாணவியாக இருந்தவள் பட்டம் பெற்ற முதல் ஆண்டிலேயே ஆசிரியரைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பது அங்கே வேடிக்கையாகப் பேசப்படும் செய்தி. ஆகவே பகுதிநேர ஆசிரியர்களைக் கொண்டு வார்டு பயிற்சியை ஓட்டுகிறார்கள். அவர்கள் திறமையான செவிலியர்கள்தான். ஆனால் ஒரு வேலையைச் செய்யத் தெரிவதும், அதை அடுத்தவர் தட்டுத்தடுமாறிச் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிவதும் ஒன்றல்ல.

இனி அந்தப் பழைய வழக்கு. 1965-இலேயே அமெரிக்கச் செவிலியர் சங்கம் பட்டப்படிப்பே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்றது. 2003-இல் லிண்டா எய்கன் குழுவினர் பென்சில்வேனிய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு, பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு பத்து விழுக்காடு கூடும்போது அறுவைச் சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு ஐந்து விழுக்காடு குறைவதாகக் கண்டது. புறந்தள்ளக்கூடிய ஆய்வன்று. 2017-இல் நியூயார்க் மாநிலம், உரிமம் பெற்ற பத்தாண்டுக்குள் பட்டம் பெற வேண்டும் எனச் சட்டமியற்றியது. என் பார்வையில் இது நேர்மையான நடுவழி. வாசலிலேயே நான்காண்டு கேட்டால், கூலி வேலையிலிருந்து படித்து வருபவர்களும் சிறு நகரங்களும் செவிலியரை இழக்கும். உள்ளே வந்தபின் படிக்கவே வேண்டாம் என்றால் நோயாளி இழப்பார். அந்த மேற்படிப்பைச் சமுதாயக் கல்லூரியே தர முடியும். ஃபுளோரிடா 2001-லேயே சமுதாயக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்கு வழி திறந்தது. கலிஃபோர்னியாவில் இதே நோக்கில் சட்டமன்றம் நிறைவேற்றிய இரு மசோதாக்களை 2024-இல் ஆளுநர் நியூசம் மறுத்துவிட்டார். பல்கலைக்கழகங்களும் அவற்றை எதிர்த்திருந்தன.

ஆசிரியர் பற்றாக்குறைக்கு மத்திய அரசு வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. செவிலிய ஆசிரியராக விரும்பி மேற்படிப்புக்குக் கடன் பெறுபவர், முடித்தபின் நான்காண்டு முழுநேரம் கற்பித்தால் கடனில் 85 விழுக்காடுவரை தள்ளுபடி. நல்ல திட்டம். ஆனால் ஐந்தாம் ஆண்டில் கடன் தீர்ந்துவிடும்; ஊதிய இடைவெளி அப்படியே இருக்கும். அப்போது, ஏழு மணிக்கு எட்டு மாணவரோடு வார்டு வாசலில் நிற்க அவர் வருவாரா என்பதை, அந்தக் கல்லூரியின் ஊதிய அட்டவணைதான் முடிவு செய்யும்.